ஒத்தக்கண்ணு வண்டிக்கு உப்புத்தாள் வைத்தியம்

வாலே மருமவனே, வா வா. தெருமுக்குல ஒத்த வெளிச்சம் வந்தப்ப எவனோ மோட்டார் சைக்கிள்ல வாரான்னுதான் நெனைச்சேன். கிட்ட வந்த பெறகுதான் தெரியுது, அது நீ போன மாசம் புதுசா வாங்கின பழைய காருன்னு. இடது கண்ணு முழிச்சிருக்கு, வலது கண்ணு ஒறங்குது. கல்யாணப் பந்தல்ல கொமரிப் பிள்ளைகளைப் பாத்துக் கண்ணடிக்கிற பய மாதிரி வந்து நிக்க.

தூத்துக்குடித் துறைமுகத்துல இருந்து முத்தையாபுரம் வரைக்கும் இப்படியேதான் வந்தியா? எதுக்க வந்த டிரெய்லர்காரன் உன்னைய பைக்குன்னு நெனைச்சிருப்பான். ‘ஓரமா ஒருத்தன் வாரான், அவனுக்கு நாலடி போதும்’னு கணக்குப் போட்டு, கன்டெய்னரை நடுரோட்டுல விட்டிருப்பான். உன் வண்டியில வலது பாதி இருட்டுக்குள்ள வருதுன்னு அவன் கனவா கண்டான்? நாப்பது வருசம் உப்பு லாரி ஓட்டினவன் சொல்லுதேன், கேட்டுக்க. ரெண்டு கண்ணும் அவிஞ்ச வண்டியை நம்பலாம், அது எடத்தை விட்டு நகராது. ஒத்தக்கண்ணு வண்டிதான் ஆளைச் சாய்க்கும். அதுலயும் டிரைவர் பக்கத்துக் கண்ணு அவிஞ்சது ரொம்ப மோசம்.

சரி, திண்ணையில உக்காரு. உங்க அத்தை கருப்பட்டிக் காப்பி போடுதா. அது வாரதுக்குள்ள உன் கதையைச் சொல்லு.

என்ன சொன்ன? ஒரு மாசத்துல மூணு பல்பு மாத்திட்டியா? நல்லது. பல்புக் கடைக்காரன் வீட்டுல ஆவணியில கல்யாணம். நீ மொய்யை இப்பவே தவணை தவணையா எழுதிட்டு வாரன்னு நெனைச்சுக்கிடுதேன். நிப்பாட்டிராத. நாலாவதையும் வாங்கு. அதுவும் அவிஞ்சா ஹெட்லைட் செட்டையே மாத்து. அதுக்கும் கேக்கலன்னா பாட்ரியை மாத்து. அப்புறம் வண்டியை மாத்து. கடைசியில மாத்தாம மிச்சம் நிக்கிறது நீ ஒருத்தன்தான். அதுக்குத்தான் இன்னும் கடை வரல.

கழட்டின பல்பெல்லாம் எங்க? டேஷ்போர்டுப் பொட்டியிலதான் கெடக்கா? பரவால்ல, தூரப் போடாம வச்சியே, அந்த மட்டுக்கும் உங்க ஆத்தா புத்தி இருக்கு. கொண்டா இங்க.

இது எச்-4 பல்பு. உள்ள ரெண்டு இழை. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60. பின்னால மூணு கால். டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கும் பொதுவா எர்த்துக்கு ஒண்ணு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரு. இழை அறுந்திருக்கா? இல்ல. கண்ணாடி கறுத்திருக்கா? இல்ல. உள்ள வெள்ளையாப் பூத்திருக்கா? அதுவும் இல்ல. பாட்ரியில இருந்து ரெண்டு ஒயரை இழுத்து ஒரு நொடி தொட்டுப் பாப்போம். எரியுது. அடுத்தது? எரியுது. மூணாவது? அவனும் ஜம்முன்னு எரியுதான். ஏலே, கொலையே நடக்கல, நீ மூணு தடவ கருமாதி நடத்திட்டு வந்திருக்க!

முத்துக்குளிச்ச ஊருல பொறந்துட்டு இந்த வேலை செய்யலாமாலே? அந்தக் காலத்துல முத்துக்குளிப்புன்னா எடுத்த எடுப்புல எவனும் கடல்ல குதிக்க மாட்டான். மொதல்ல பாரைப் பாப்பாவ. பாருன்னா கடலுக்கடியில சிப்பி கூட்டமா ஒட்டிக் கெடக்குற திட்டு. நம்ம ஊருக்கு வெளிய கடல்ல தொளாயிரம் பாருன்னு பேரு போன பாரே உண்டு. அங்க இருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, தொறந்து, முத்து எத்தனை, மதிப்பு எத்தனைன்னு கணக்குப் பாப்பாவ. தேறும்னாத்தான் குளிப்பு. தேறலன்னா அந்த வருசம் அவனவன் வேற சோலியைப் பாத்துக்கிட்டுப் போவான். 1961-க்குப் பெறகு நம்ம பக்கம் குளிப்பே நடக்கல. முத்து போனா போகுது, அந்தப் புத்தியாவது மிஞ்சியிருக்கும்னு நெனைச்சேன். மாதிரி பாக்காம மூணு தடவ குதிச்சு, மூணு தடவையும் வெறுங்கையோட ஏறி வந்திருக்க.

நீ போன கடையில என்னதான் செஞ்சாவ? பானட்டைத் தொறந்தாவ, ஒரு தட்டுத் தட்டினாவ, எரிஞ்சுது, துட்டு வாங்கினாவ. இதுவும் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. முத்துக்குளிச்ச காலத்துல கடல்கட்டின்னு ஒருத்தர் உண்டு. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லுவார். குளிக்கிறவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடியில கெடப்பான், கட்டுறவர் மேல இருந்து முணுமுணுப்பார். 13-ம் நூற்றாண்டு கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வச்சிருக்கான். எடுத்ததுல 20-ல ஒரு பங்கு அவங்களுக்காம். என்ன முழிக்க? லாரி ஓட்டினவனுக்கு மார்க்கோ போலோ எப்படித் தெரியும்னா? துறைமுகத்துல லோடுக்கு ராப்பகலா வரிசையில நின்னவன்லே நான். படிக்க நேரம் கெடைச்சவன் லாரி டிரைவரைப் போல இந்த ஊருல எவனும் கெடையாது.

நான் மந்திரம் சொல்ல மாட்டேன். கேள்விதான் கேப்பேன்.

மொத கேள்வி, அவிஞ்சது ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா? ரெண்டும் ஒரே நேரத்துல அவிஞ்சா பல்பு பக்கமே போவாத. ரெண்டு பல்பும் பேசி வச்சுக்கிட்டு ஒரே ராத்திரியில சாகாது. ரெண்டுக்கும் பொதுவான எடத்தைப் பாரு. ரிலே, சுவிட்சு, பெரிய ஃபியூஸ். சுவிட்சைப் போட்டா ரிலே ‘டிக்’குன்னு பேசணும். பேசலன்னா, பக்கத்துல அதே அச்சுல ஹாரன் ரிலே இருந்தா அதைக் கழட்டி மாத்திச் சொருகிப் பாரு. காசு செலவில்லாத வைத்தியம். ரெண்டு கண்ணும் எரியுது, ஆனா மங்கலா இருக்குன்னா பாட்ரியையும் டைனமோவையும் பாரு. இன்ஜின் நிக்கும்போது பாட்ரியில 12.6 வோல்ட் இருக்கணும், ஓடும்போது 13.5-ல இருந்து 14.5 வரைக்கும்.

ஒரு கண்ணு மட்டும்னா இன்னும் லேசு. இடது பல்பை வலதுல போடு, வலது பல்பை இடதுல போடு. நோய் பல்பு கூடவே போச்சுன்னா பல்புலதான் நோய். பல்பு போன பெறகும் நோய் பழைய எடத்துலயே கெடந்தா பல்பு நிரபராதி. ஒரு பைசா செலவில்லாம அஞ்சு நிமிசத்துல தெரியிற விசயத்துக்கு நீ மூணு பல்பு வாங்கியிருக்க.

பெறகு ஃபியூஸ். நெறைய வண்டியில கண்ணுக்கு ஒரு ஃபியூஸ் உண்டு. 10 ஆம்பியர் செவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போன எடத்துல அதே நெறத்தைப் போடு. பத்துக்கு இருபது போடுறதும், சிகரெட்டு வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகுறதும் வேண்டாம். ஃபியூஸ்ங்கிறது வாசல்ல படுத்திருக்கிற நாயி. கள்ளனைக் கண்டு குலைச்சா கள்ளனைத் தேடணும், நாயைக் கொல்லப்படாது. கொன்னா அடுத்து வேகுறது ஒயரு, அதுக்கு அடுத்து நீ.

உன் வண்டியில ஃபியூஸ் நல்லாருக்கு. இப்ப டிம் போடு. போட்டியா? வலது கண்ணு அவிஞ்சு கெடக்குன்னுதானே சொன்ன? குனிஞ்சு பாரு. ரெண்டு இழையும் பீடி நெருப்பு கணக்கா செவப்பா மினுங்குது. உள்ள எட்டிப் பாரு, டேஷ்போர்டுல பிரைட்டுக்குள்ள நீல வெளக்கு அரைத் தூக்கத்துல முழிச்சிக்கிட்டுக் கெடக்கு. நீ போட்டது டிம்மு, அப்ப பிரைட்டுக்கு இங்க என்ன சோலி? இதுதாம்லே கள்ளன் விட்டுட்டுப் போன செருப்பு.

நடந்தது என்னன்னா, டிம் இழை வழியா வந்த கரண்டு எர்த்து வழியா பாட்ரிக்குத் திரும்பிப் போகணும். அந்த வழி அடைஞ்சு கெடக்கு. ரயில்வே ரெண்டாம் கேட்டு மூடிக் கெடந்தா நாம சும்மாவா நிக்கோம்? சந்து பொந்தெல்லாம் சுத்தி ஒண்ணாம் கேட்டு வழியா வெளிய போறோம்லா? கரண்டும் நம்ம ஊருதான. பிரைட்டு இழைக்குள்ள பின்வாசல் வழியா நொழைஞ்சு, இடது கண்ணு வரைக்கும் சுத்திப் போயி, அங்க உள்ள எர்த்துல எறங்குது. இவ்வளவு சுத்தினா அதுக்குத் தெம்பு எங்க இருக்கும்? அதான் பீடி நெருப்பு.

நான் சொல்லுததை நம்பாத, கண்ணால பாரு. இந்த ஒயரோட ஒரு முனையை பாட்ரி மைனஸ்ல வை. மறு முனையை, பல்பு சொருகுற கப்ளர்ல எர்த்துக் கால்ல தொடு. எரிஞ்சுதா! உங்க அத்தை அடுப்படியில இருந்து ‘யாரு வந்திருக்கா’ன்னு கேக்கா பாரு. அதே பல்பு, அதே பாட்ரி. வீட்டுக்குப் போற வழி கெடைச்சுது, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. சில வண்டியில சுவிட்சையே எர்த்துப் பக்கம் வச்சிருப்பான். அதுல இந்தக் கணக்கு தலைகீழ். அடுத்தவன் வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னால அதோட ஒயரிங் படத்தைப் பாத்துக்க.

மீட்டர் வச்சிருக்கவன் இன்னும் நுணுக்கமா பாக்கலாம். வெளக்கு எரியும்போது பாட்ரி மைனசுக்கும் பல்பு எர்த்துக் காலுக்கும் நடுவுல 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா வழியில எவனோ சுங்கம் வாங்குதான்னு அர்த்தம். ஒரு வோல்ட்டுதான போச்சுன்னு நெனைக்காத. பல்புக்குப் போற வோல்ட் 10 சதவீதம் கொறைஞ்சா வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் கொறைஞ்சிரும். அந்த முப்பதுக்குள்ளதான் ரோட்டுல படுத்திருக்கிற மாடு இருக்கும்.

இப்ப சுங்கம் வாங்கின ஆளைப் பிடிப்போம். ஹெட்லைட்டுக்குப் பின்னால பாடியில கறுப்பு ஒயரு வந்து மாட்டியிருக்கு பாரு, அந்தப் போல்ட்டு. பாட்ரி மைனஸை மொதல்ல கழட்டிரு. பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போடு. பைய, பைய, துருப் பிடிச்சிருக்கு, முறிச்சிராத. வந்துட்டா? அந்த வளையத்தைத் திருப்பிப் பாரு. மேல் பக்கம் ஒண்ணுமே தெரியல, பத்தினி கணக்கா இருந்துச்சு. அடிப்பக்கம் பாத்தியா, பச்சைக் களிம்பு, அதுக்கு மேல வெள்ளையா உப்புப் பூத்து, அது மேல செந்துரு. சாயம் போன கொடி மாதிரி மூணு நெறம். நகத்தால சொரண்டு. பொடிப்பொடியா உதிருதா? இந்தப் பொடி வழியாத்தான் உன் கரண்டு ஒரு மாசமா ஊர்ந்து போயிருக்கு.

புது பல்பு போட்டா மட்டும் ரெண்டு நாள் எரிஞ்சுதேன்னு கேட்டல்லா? கப்ளரைப் பிடிச்சு இழுத்தப்ப ஒயரு அசைஞ்சுது, ஒயரு அசைஞ்சதுல இந்த வளையம் கொஞ்சம் எடம் மாறி, இரும்பைத் தொட்டுது. அப்புறம் ஒரு ஸ்பீடு பிரேக்கர், திரும்பவும் பழைய கதை. நீ பல்புக்குக் கொடுத்த துட்டெல்லாம் ஒயரை ஆட்டினதுக்குக் கூலி.

உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாவ. நம்ம ஊரு வண்டி உப்பைத் தின்னு, தண்ணியையும் அதுவே குடிக்கும். குஜராத்துக்கு அடுத்தபடியா உப்பு வெளையிறது தமிழ்நாட்டுல, அதுல பெரும்பங்கு நம்ம தூத்துக்குடியில. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். காத்துல வந்து படியிற உப்பு, ராத்திரி ஈரத்தைக் கூப்பிட்டு மடியில வச்சுக்கும். செம்பு வளையம், இரும்புப் போல்ட்டு, நடுவுல உப்புத் தண்ணி. ரெண்டு வகை உலோகமும் உப்புத் தண்ணியும் சேந்தா அதுக்குப் பேரு பாட்ரி. உன் வண்டியில ஒரு பாட்ரின்னு நீ நெனைச்ச, இந்த மாதிரி எர்த்துக்கு எர்த்து ஒரு குட்டி பாட்ரி வேலை பாத்து இரும்பைத் தின்னுக்கிட்டு இருக்கு.

இதுக்கு மருந்து என்ன தெரியுமா? உப்புத்தாள். சிரிக்காத. உப்பு செஞ்ச வினையை உப்புத்தாளாலதான் தீக்கணும். வளையத்தைப் பளபளன்னு தேய். பாடியில போல்ட்டு உக்காருற எடத்துல பெயின்ட்டு, துரு எல்லாம் போயி வெள்ளை இரும்பு தெரியணும். வளையம் அரிச்சுப் போயிருந்தா புதுசு போடு, சில்லறைக் காசுதான். முறுக்கி இறுக்கின பெறகு மேல வாசலினை அப்பு. பெறகுன்னு சொன்னேன், முன்னால இல்ல. கப்ளரையும் பாரு. பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தா அதுக்குச் சமாதானம் பேசாத, மாத்திரு. பல்பைத் திரும்பப் போடும்போது கண்ணாடியில வெரல் படாம பிடி. நீ மத்தியானம் தின்ன பொரிச்ச பரோட்டா எண்ணெய் அதுல ஒட்டுச்சுன்னா அந்த எடம் மட்டும் சூடேறி பல்பு சீக்கிரம் சாகும். அப்ப நிசமாவே கருமாதி வைக்கலாம்.

இரு, நீ ஏதோ கேக்க வந்து முழுங்குத. எனக்குத் தெரியும். ‘மாமா, இந்த 55 வாட்டே வேண்டாம், 100 வாட் போட்டா என்ன’ன்னு கேப்ப. போடு ராசா. 55 வாட்டுக்குன்னு இழுத்த ஒயர்ல ஏறக்குறைய ரெண்டு மடங்கு கரண்டு போகும்போது கப்ளர் உருகும், வாசனையிலயே தெரிஞ்சிரும். இல்லன்னா உன் சேக்காளி போட்டிருக்கானே, பழைய ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ள வெள்ளை எல்.இ.டி., அதைப் போடு. அந்தக் கிண்ணம் இழை இருக்கிற எடத்தைக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. அதுக்குள்ள கண்டதைச் சொருகினா வெளிச்சம் ரோட்டுல விழாது, எதுக்க வாரவன் மூஞ்சியில விழும். முயல்தீவுல நிக்கிறதே கலங்கரை விளக்கம், அது தன்னைய ஊருக்குக் காட்டிக்கிடுத வெளக்கு. ஹெட்லைட்டு ரோட்டைக் காட்டுத வெளக்கு. நீ காரு ஓட்டுதியா, கப்பலுக்கு வழி காட்டுதியான்னு மொதல்ல முடிவு பண்ணிக்க.

கண்ணாடி மஞ்சளடிச்சுக் கெடக்கு பாரு, அதுலயும் பாதி வெளிச்சம் செத்துப் போகும். பல்லு வெளக்குற பேஸ்ட்டைத் தேய்ச்சா பளபளக்கும். ஒரு வாரம். பெறகு பழையபடி. நல்ல நைசு தண்ணித்தாளால ஈரமாத் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, வெயிலு தாங்குத பூச்சும் பூசணும். பூச்சு பூசாம விட்டா வெயில் திரும்பவும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவும்.

ஆமா, இந்த வண்டியை வாங்கும்போது ஒண்ணு கேட்டியா? 2023 டிசம்பர் 17, 18-ல இது எங்க நின்னுச்சுன்னு கேட்டியா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுன வெள்ளம் அது. கப்பல் கணக்கா காரெல்லாம் மெதந்துச்சு. குளிச்சு எந்திரிச்ச வண்டிக்கு வெளிய பாலிஷ் போட்டு வித்தவன் உண்டு. சீட்டைத் தொவைக்கலாம், தரையைத் தொவைக்கலாம், ஹெட்லைட்டுக்குள்ள படிஞ்ச வண்டல் கோட்டைத் தொவைக்க எவனுக்கும் ஞாபகம் வராது. டார்ச்சு அடிச்சு உள்ள பாரு. கோடு இல்ல. பொழைச்ச. ஆனாலும் பின்னால உள்ள ரப்பர் மூடி கிழிஞ்சு தொங்குது, அதை மாத்திரு. அது இல்லாம உப்புக் காத்தை வெளிய நில்லுன்னு சொன்னா கேக்குமா?

கடைசி வேலை. உப்புக் குடோன் சுவத்துக்கு நேரா, 25 அடி தள்ளி, சமதரையில வண்டியை நிப்பாட்டு. ஹெட்லைட்டு நடு எவ்வளவு ஒயரமோ, அதே ஒயரத்துல சுவத்துல கரியால ஒரு கோடு போடு. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூணு அங்குலம் கீழ நிக்கணும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும், ஓரத்துல நடக்குற மனுசனைக் காட்டுறதுக்கு. கோட்டுக்கு மேல போச்சுன்னா திருகைத் திருப்பி எறக்கு.

காப்பி ஆறுது, குடி. எனக்குக் கூலி எவ்வளவா? கடல்கட்டி பங்கு 20-ல ஒண்ணு. நீ கடையில அழுத துட்டுல அதைக் கணக்குப் பண்ணி கருப்பட்டியா கொண்டா. அந்த மூணு பல்புல ஒண்ணை வண்டியில வை, வழியில ஒதவும். மிச்சம் ரெண்டையும் பொட்டியில போட்டு வை, பொண்டாட்டி வந்தா காட்டு. எப்படிப்பட்ட சிக்கனக்காரனைக் கட்டியிருக்கோம்னு தெரிஞ்சுக்கிடட்டும்.

எங்க கெளம்பிட்ட? ஸ்பேனரை வச்சிட்டுப் போவாத. இடது பக்கத்து எர்த்தையும் இப்பவே கழட்டித் தேய். காத்து ரெண்டு பக்கமும்தான அடிச்சுது.